ரொட்டி அடுப்பும் பழைய செம்மணற்கல்லும்

1858 செப்டம்பரில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிரிட்டிஷ் அசோசியேஷனின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. அங்கே பேசியவர்களில் ஒருவர் சர் ரோடரிக் மர்ச்சிசன். பிரிட்டனின் நிலவியல் ஆய்வுத் துறைக்கு அப்போது அவர்தான் தலைவர். பாறைக் காலங்களில் ஒன்றுக்குச் 'சிலூரியன்' என்று பெயர் வைத்தவரும் அவரே. அந்த மேடையில் அவர் ஒரு ரொட்டிக்காரரைப் பற்றிப் பேசினார். ஸ்காட்லாந்தின் வடகோடியிலுள்ள தர்சோ என்ற சிற்றூரில் அந்த ரொட்டிக்காரர் மாவுப் பலகையின் மேல் மாவைக் குவித்துக் கெய்த்னஸ் மாவட்டத்தின் மலை, பள்ளத்தாக்கு, பாறை மடிப்பு எல்லாவற்றையும் உருவாக்கிக் காட்டினாராம். தாவரங்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது, அவருக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்குகூடத் தனக்குத் தெரியாது என்பதைக் கண்டு வெட்கப்பட்டதாகவும் மர்ச்சிசன் சொன்னார்.

அவையினர் ரசித்திருப்பார்கள். இப்படிப்பட்ட கதைகள் அந்தக் காலத்துக்குப் பிடித்தமானவை: ஏழைத் தொழிலாளி, தானே கற்ற மேதை, அவன் முன் தலைவணங்கும் பிரபு. ராபர்ட் டிக் என்ற அந்த ரொட்டிக்காரரைப் பற்றி இன்றும் எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்தச் சட்டகத்துக்குள்தான் அவரை நிறுத்துகிறார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் வறுமையையும் மீறி ஒருவர் எப்படி அறிவியலாளர் ஆனார் என்று வியந்துகொண்டே இருந்தால், அவருடைய அறிவியல் எப்படி வேலை செய்தது என்ற கேள்வி வராமலே போய்விடும். டிக்கின் ரொட்டி அடுப்பு அவருடைய ஆய்வுக்குத் தடையாக இருந்தது உண்மை. அந்த ஆய்வுக்கு வடிவம் கொடுத்ததும் அதே அடுப்புதான் என்பது என் எண்ணம்.

டிக் 1811 ஜனவரியில் நடு ஸ்காட்லாந்தின் டல்லிபாடி கிராமத்தில் பிறந்தார். அப்பா கலால் துறையில் அதிகாரி. அம்மா சீக்கிரமே இறந்துபோனார். அப்பா மறுமணம் செய்துகொண்டார். மாற்றாந்தாயின் கொடுமைகளைப் பற்றி, பையன் ஓக்கில் மலைகளில் சுற்றக் கூடாது என்று அவர் காலணிகளை ஒளித்துவைத்தது வரை, பல கதைகள் உண்டு. எல்லாம் டிக்கின் தரப்பிலிருந்து வந்தவை. அந்த அம்மாளின் தரப்பைக் கேட்டு எழுதியவர் யாரும் இல்லை. படிப்பில் கெட்டிக்காரனாக இருந்த பையன் கல்லூரிக்குப் போகவில்லை, பதின்மூன்று வயதில் ரொட்டிக் கடையில் தொழில் பழக அனுப்பப்பட்டான் என்பது மட்டும் உறுதி. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அடுப்பு மூட்ட வேண்டும். மாவு பிசைந்து, ரொட்டி சுட்டு, கூடையில் சுமந்து பக்கத்துக் கிராமங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இப்படி மூன்றரை ஆண்டுகள், கூலி கிடையாது. செடிகளை உற்றுப் பார்க்கும் பழக்கம் அந்தக் கூடை சுமந்த நடைகளில்தான் தொடங்கியது.

அதன்பின் லீத், கிளாஸ்கோ, கிரீனக் என்று ஊர் ஊராகக் கூலிக்கு ரொட்டி சுட்டார். அதற்குள் அப்பா தர்சோவுக்கு மாற்றலாகியிருந்தார். இங்கே வந்து கடை போடு, மாவட்டம் முழுவதுக்கும் மூன்றே ரொட்டிக் கடைகள்தான் இருக்கின்றன என்று அவர் சொன்ன யோசனையின்பேரில் 1830இல் டிக் அங்கே போனார். அப்போது வயது பத்தொன்பது. சாகும்வரை முப்பத்தாறு ஆண்டுகள் அந்த ஊர்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனி மக்காய் என்ற பணிப்பெண் பல ஆண்டுகள் வீட்டையும் கடையையும் பார்த்துக்கொண்டார். டிக் ஊருக்கு வெளியே ஓடையிலும் பாறையிலும் அலைந்த பொழுதுகளில் கல்லாவில் நின்றவர் அவர். இந்த வரலாற்றில் அவர் பெயர் இதைவிடப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

தர்சோ பிரிட்டன் தலைநிலத்தின் வடகோடி ஊர். கோடையில் இரவு என்பது பெயருக்குத்தான். பத்து மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். குளிர்காலத்தில் பகல் ஆறு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். அந்த ஊரில் ஒரு ரொட்டிக்காரரின் நாள் எப்படிப் போகும்? இரவோடு இரவாக மாவு பிசைந்து, விடியலில் சுட்டு, காலையில் விற்றுவிட்டால் கையில் மிச்சம் இருப்பது மதியத்திலிருந்து அடுத்த மாவு பிசையும் நேரம் வரை. அதற்குள் எவ்வளவு தூரம் நடந்துபோய்த் திரும்ப முடியுமோ அதுதான் டிக்கின் ஆய்வுக்களம். சில சமயம் வேலையை முன்கூட்டியே முடித்துவிட்டு நள்ளிரவுக்குப் பின் கிளம்பி, தெற்கே மோர்வன் மலை வரை போயிருக்கிறார். போக மட்டுமே நாற்பது கிலோமீட்டருக்கு மேல். அங்கே செடி பறித்துவிட்டு அன்றே திரும்பி நடந்தார். உயரத் தொப்பியும் வால் வைத்த பழைய கோட்டும் போட்டுக்கொண்டு, பையில் சுத்தியலும் உளியும் திசைகாட்டியும் பூதக்கண்ணாடியுமாக இவர் போவதைப் பார்த்த ஊரார் கிறுக்கு என்றார்கள். சிறுவர்கள் பின்னால் ஓடினார்கள். அவர் தேவாலயத்துக்குப் போவதையும் நிறுத்தியிருந்தார். அந்த ஊரில் ஒரு வியாபாரிக்கு அது லேசான விஷயம் இல்லை.

ஆக, வெளியூர் போக முடியாது. நூலகமோ அருங்காட்சியகமோ அருகில் இல்லை. எடின்பரோவில் நடக்கும் சங்கக் கூட்டங்கள் செய்தியாக மட்டும் வரும். பதிலாக, ஒரே மாவட்டத்தை எல்லாப் பருவத்திலும், எல்லா வானிலையிலும், கடல் ஏறும்போதும் இறங்கும்போதும் அவரால் பார்க்க முடிந்தது. மர்ச்சிசன் போன்றவர்கள் கோடை விடுமுறையில் வந்து குதிரை வண்டியில் கடந்து போவார்கள். 1827இல் அவரும் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆடம் செட்ஜ்விக்கும் கெய்த்னஸைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய் அதன் பாறை அமைப்பைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியிருந்தார்கள். டிக் மாவில் வரைந்து காட்டிய படத்தில் அந்தப் பெரியவர்களின் வரைபடத்துக்கான திருத்தங்களும் இருந்தன.

இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியமானது என்பதற்குப் புனிதப் புல்லின் கதை நல்ல சான்று. ஐரோப்பாவின் வடபகுதிகளில் திருநாட்களில் தேவாலய வாசலில் பரப்பிவைத்த வாசனைப் புல் அது. மிதித்தால் மணக்கும், கூமரின் என்ற வேதிப்பொருள்தான் காரணம். ஸ்காட்லாந்தில் அதைக் கண்டதாக ஜார்ஜ் டான் என்ற தாவரவியலாளர் முன்பு சொல்லியிருந்தார். ஆனால் பின்னால் தேடிப்போனவர்களுக்கு அது அகப்படவில்லை. பிரிட்டன் தாவரப் பட்டியலில் அதன் இடம் சந்தேகத்துக்குரியதாகிவிட்டது. 1834இல் தர்சோ ஆற்றங்கரையில் டிக் அதைக் கண்டுபிடித்தார். ஊருக்கு மிகப் பக்கத்தில், யார் வேண்டுமானாலும் நடந்துபோகக்கூடிய இடத்தில் அது வளர்ந்திருந்தது. ஏன் மற்றவர்கள் பார்க்கவில்லை? அந்தப் புல் வசந்தத்தின் தொடக்கத்திலேயே பூத்துவிடும். தாவரவியலாளர்கள் வடக்கே வருகிற கோடையில் மற்றப் புற்கள் உயர்ந்து அதை மறைத்துவிடும். அந்த வாரங்களில் அங்கே இருப்பவருக்குத்தான் அது தெரியும். டிக் அங்கே இருந்தார்.

கண்டுபிடித்ததை அவர் உடனே எவருக்கும் எழுதவில்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து, நண்பர்களின் வற்புறுத்தலால், 1854இல்தான் அந்தச் செய்தி எடின்பரோ தாவரவியல் சங்கத்தை எட்டியது. இந்த மௌனத்தைப் பணிவு என்று பாராட்டுவது வழக்கம். எனக்கு அது முழு விளக்கமாகப் படவில்லை. அவர் கடிதங்களில் வெளிப்படும் மனிதர் ஒன்றும் அடக்க ஒடுக்கமானவர் அல்ல. கிண்டலும் கோபமும் நிறைந்தவர். பெரிய பெயர்களின் தவறுகளை முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவர். ஆனால் அச்சில் எழுதுவது என்பது ஒரு வகுப்பாரின் வேலை, அதற்குள் நுழைந்தால் கேலியாவோம் என்ற பயம் ரொட்டி விற்றுப் பிழைக்கிற மனிதருக்கு இருந்திருக்கலாம். தாவரத்தைக் கண்டுகொண்டதே போதும் என்ற நிறைவும் இருந்திருக்கலாம். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது என்பதில்லை.

செடிகளிலும் பூச்சிகளிலும் தொடங்கியவரைக் கல்லின் பக்கம் திருப்பியது ஒரு புத்தகம். கல்தச்சராக இருந்து பத்திரிகை ஆசிரியரான ஹியூ மில்லர் 1841இல் 'பழைய செம்மணற்கல்' என்ற நூலை வெளியிட்டார். கெய்த்னஸின் பாறையும் அந்தத் தொகுதியைச் சேர்ந்ததே. பெயர் செம்மணற்கல்லானாலும் அங்கே அது சாம்பல் நிறத்தில், நம் வீடுகளுக்குப் போடும் கடப்பைக்கல்லைப் போலத் தகடு தகடாகப் பிளக்கும். அந்தப் பாவுகல் வெட்டுவதும் கப்பலேற்றுவதும் அப்போது மாவட்டத்தின் பெரிய தொழில். ஏறக்குறைய 39 கோடி ஆண்டுகளுக்கு முன், ஸ்காட்லாந்து நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்த காலத்தில், மோரே கடற்கழியிலிருந்து ஆர்க்னி, ஷெட்லாந்து வரை பரந்திருந்த நன்னீர் ஏரியின் அடியில் வண்டல் மெல்லிய படலங்களாகப் படிந்து உண்டான கல் அது. ஏரியின் ஆழத்தில் உயிர்வளி இல்லாததால் செத்து விழுந்த மீன்கள் அழுகாமல், எதுவும் தின்னாமல், செதில்களோடு அப்படியே படிந்தன. டிக் அதுவரை தினமும் மிதித்து நடந்த தெருக்கல்லுக்குள் மீன்கள் இருந்தன.

1840களின் நடுவில் அவருக்கும் மில்லருக்கும் தொடர்பு ஏற்பட்டது. டிக் கடலோரப் பாறைகளில் உளியால் செதுக்கி எடுத்த எலும்புத் தகடுகளையும் தாடைகளையும் பெட்டி பெட்டியாக எடின்பரோவுக்கு அனுப்பினார். இது பூப்பறிப்பது போன்ற வேலை அல்ல. கடல் வற்றியிருக்கும் சில மணி நேரத்துக்குள், முழங்கால் நனைய, கடினமான கல்லிலிருந்து உடையாமல் ஒரு தகட்டைப் பெயர்க்க வேண்டும். பாதியில் அலை வந்தால் அடுத்த நாள் மறுபடியும் போக வேண்டும். மில்லரின் நூலிலிருந்த சில முடிவுகள் தர்சோவில் கிடைத்த மீன்களால் பொய்த்தன. மில்லர் அதை ஒப்புக்கொண்டு திருத்தினார், டிக்குக்கு நன்றியும் எழுதினார். அந்தக் காலத்து நிலவியலில் இந்த நேர்மை அரிது.

1849இல் மில்லர் வெளியிட்ட 'படைத்தவனின் காலடிகள்' நூல் பெரும்பகுதி டிக் அனுப்பிய எலும்புகளின் மேல் எழுப்பப்பட்டது. 1844இல் ஆசிரியர் பெயரின்றி வந்த 'படைப்பின் இயற்கை வரலாற்றுத் தடயங்கள்' என்ற நூல், உயிர்கள் எளிய வடிவிலிருந்து படிப்படியாக உருமாறி வளர்ந்தன என்று வாதாடியிருந்தது. மில்லருக்கு அது நாத்திகம். அவருடைய மறுப்பு இப்படிப் போகிறது: மிகப் பழைய பாறையிலேயே இவ்வளவு பெரிய, இவ்வளவு சிக்கலான எலும்புக் கவசம் கொண்ட மீன் இருக்கிறதே, எளியதிலிருந்து சிக்கலானது வந்தது என்பது எப்படிச் சரியாகும்? ஆர்க்னித் தீவில் ஸ்ட்ராம்னஸ் அருகே மில்லர் கண்டெடுத்த ஒரு தகடும் தர்சோவிலிருந்து வந்த எலும்புகளும் சேர்ந்து அந்த மீனாக உருப்பெற்றன. அவர் அதை ஆஸ்டரோலெபிஸ் என்று அழைத்தார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அந்தத் தகட்டை வேறு பேரினத்தில் சேர்த்தார்கள், வாதமும் நிலைக்கவில்லை. எலும்புகள் நிலைத்தன. ஒரு சான்று அதன்மேல் கட்டப்படும் கோட்பாட்டைவிட நீண்ட காலம் வாழும் என்பதால், சான்றைச் சேகரித்தவரை வெறும் உதவியாளராக எண்ணுவது எவ்வளவு தவறு என்று இதைப் படிக்கும்போதெல்லாம் தோன்றும்.

மீன்களைவிடக் குறைவாகப் பேசப்படுவது டிக் ஓடைக்கரைகளில் பொறுக்கிய சிப்பிகள். கெய்த்னஸின் தாழ்நிலமெங்கும் பாறைக்கு மேல் கல்லும் களிமண்ணும் கலந்த தடித்த படிவு போர்த்தியிருக்கிறது. அதற்குள் உடைந்த கடற்சிப்பிகள் கிடைத்தன. கடலிலிருந்து தள்ளி உள்நாட்டில் இவை எப்படி வந்தன? கடல் ஒருகாலத்தில் இங்கே ஏறியிருந்தது, மிதந்து வந்த பனிப்பாறைகள் கொட்டிவிட்டுப் போயின என்று சொல்வது அன்று சுலபமான விடை. டிக் ஆண்டுக்கணக்கில் அந்தக் கரைகளுக்குப் போய்வந்தார். மழைக்குப் பின் கரை சரியும்போது புதிய முகம் தெரியும். அப்போது போனால் புதிய சிப்பிகள் கிடைக்கும். எல்லாம் நொறுங்கிய நிலையில், கீறல் விழுந்த கற்களோடு, வரிசையின்றிக் கலந்திருந்தன. கடலடியில் உயிரோடு இருந்த இடத்திலேயே புதைந்த சிப்பிகள் அப்படி இருக்காது. 1866இல் நிலவியலாளர் தாமஸ் ஜேமிசன் கெய்த்னஸின் பனிக்காலத் தடங்களை ஆராய்ந்து, பாறைக் கீறல்கள் தென்கிழக்கிலிருந்து வடமேற்கு நோக்கி, அதாவது கடலிலிருந்து நிலத்துக்கு ஏறுவதாக ஓடுகின்றன என்று காட்டினார். 1870இல் ஜேம்ஸ் கிரோல் விடையை முன்வைத்தார்: ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த பெரும்பனி வடகடலை நிரப்பி, ஸ்காட்லாந்தின் பனியாற்றை மடக்கிக் கெய்த்னஸின் மேல் ஏற்றியது, அது கடலடி மண்ணையும் சிப்பியையும் வாரிக்கொண்டு வந்தது. (கிரோலும் பள்ளிப் படிப்பு அதிகமில்லாதவர், கிளாஸ்கோவில் ஒரு கல்லூரியின் காவலாளியாக இருந்துகொண்டு வானியல் படித்தவர்.) அந்த விடை வந்தபோது டிக் உயிரோடு இல்லை.

மில்லர் 1856 டிசம்பர் 24 அதிகாலை தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தார். டிக்குக்கு அது பெரிய அடி. அதன்பின் அவருக்கு நெருக்கமாக இருந்தவர் சார்லஸ் பீச், விக் நகரில் சுங்கத் துறை ஊழியர், இவரைப் போலவே வேலை முடிந்ததும் கல்லுடைக்கக் கிளம்புபவர். இருவரும் சேர்ந்து நடந்தார்கள். பீச்சின் மகன் பென், ஸ்காட்லாந்து மலைநாட்டின் பாறைப் புதிரை அவிழ்த்த இருவரில் ஒருவராகப் பின்னால் புகழ்பெற்றார்.

இதற்கிடையே வியாபாரம் சரிந்துகொண்டிருந்தது. தர்சோவில் புதிய ரொட்டிக் கடைகள் வந்தன. தேவாலயத்துக்கு வராத, கல்லோடு பேசுகிற மனிதரின் ரொட்டியை விட்டு மக்கள் வேறு கடைக்குப் போவது எளிதாயிற்று. 1863இல் அவருக்கு வரவேண்டிய மாவு மூட்டைகள் கப்பல் உடைந்து கடலில் போயின. நட்டம் சுமார் 45 பவுன். ஈடுகட்ட அவரிடமிருந்த ஒரே சொத்து புதைபடிவங்கள். அவற்றை ஜான் மில்லர் என்பவருக்கு 46 பவுனுக்கு விற்றார். ஹியூ மில்லருக்கும் மற்றவர்களுக்கும் அதற்குமுன் பல ஆண்டுகளாக அவர் அனுப்பியவற்றுக்குக் காசு வாங்கியதில்லை. இருபது ஆண்டுச் சேகரிப்பின் விலை ஒரு சரக்கு மாவு. கல்லெல்லாம் போன பிறகு அவர் மறுபடியும் செடிக்குத் திரும்பினார். கடைசி ஆண்டுகளில் பாறைகளில் ஒட்டியிருக்கும் பாசிகளையும் பெரணிகளையும் புற்களையும் உலர்த்தி, தாளில் ஒட்டி, பெயரெழுதிக்கொண்டிருந்தார். வடக்குக் கடற்கரையிலும் ஆர்க்னியிலும் அன்றி உலகில் வேறெங்கும் வளராத ஸ்காட்டிஷ் பிரிமுலாவைப் போன்றவை அவருக்கு அண்டைவீட்டுக்காரர்கள். செடிகளுக்குப் பெட்டி அனுப்பும் செலவில்லை, உளி பிடிக்கும் பலமும் வேண்டியதில்லை.

1866 டிசம்பர் 24இல், மில்லர் இறந்து சரியாகப் பத்து ஆண்டுகள் கழித்து, டிக் இறந்தார். வயது ஐம்பத்தைந்து. உடம்பு ஒத்துழைத்தவரை அவர் அடுப்பருகே நின்றார். ஊர் திரண்டு வந்து பொது மரியாதையோடு அடக்கம் செய்தது. பிறகு கல்லறையில் நினைவுத் தூணும் எழுப்பியது. அவர் உயிரோடு இருந்தபோது அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் அவர் கடையில் ரொட்டி வாங்கியிருந்தால் கல்லை விற்க நேர்ந்திருக்காது.

அவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு சாமுவேல் ஸ்மைல்ஸ் 1878இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றிலிருந்து வருவது. 1859இல் 'சுய உதவி' எழுதி, உழைத்தால் உயரலாம் என்ற நம்பிக்கையை உலகெங்கும் விற்றவர் அவர். டிக்கின் கடிதங்களைத் தேடிச் சேர்த்து அச்சேற்றியதற்காக அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அவர் செய்யாவிட்டால் அவை அழிந்திருக்கும். ஆனால் அந்த நூல் தன் ஆசிரியரின் கொள்கைக்குள் அடங்க மறுக்கிறது. டிக் அசாத்தியமாக உழைத்தார், உயரவில்லை. ஸ்மைல்ஸ் இதை மறைக்கவும் இல்லை. உயர்வை விட்டுவிட்டுக் குணத்தின் பக்கம் கதையைத் திருப்பிவிடுகிறார்: ஆசையற்றவர், உண்மையைத் தேடியவர் என்று. அறிவியல் நிறுவனங்கள் இப்படி ஒருவரின் உழைப்பை எடுத்துக்கொண்டு நன்றியுரையில் மட்டும் இடம் கொடுக்கும் ஏற்பாட்டைப் பற்றி அந்த நூலில் கேள்வி இல்லை. மர்ச்சிசன் லீட்ஸ் மேடையில் பாராட்டினார் சரி. பாராட்டிய துறைத் தலைவரிடம் சம்பளத்தோடு கூடிய வேலைகளும் இருந்தன. பேச்சில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

டிக்கின் பெயர் பின்னாட்களில் சில மீன்களுக்கு வைக்கப்பட்டது. 1963இல் டிக்காஸ்டியஸ் என்ற கவச மீன் பேரினம் அவர் பெயரைப் பெற்றது. அதைவிடப் பழைய பெயர் மைக்ரோபிராக்கியஸ் டிக்கி: எட்டு சென்டிமீட்டர் நீளமே உள்ள, குட்டிக் கைகள் போன்ற உறுப்புகள் கொண்ட கவச மீன். அந்தக் கைகள் எதற்கு என்று நூறாண்டுக்கு மேல் யாருக்கும் புரியவில்லை. 2014இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஜான் லாங்கும் அவர் குழுவினரும் 'நேச்சர்' இதழில் விடையை வெளியிட்டார்கள். ஆண் மீனுக்கு எலும்பாலான வளைந்த இணைவு உறுப்பு இருந்தது. இரண்டு மீன்களும் பக்கவாட்டில் நின்று, அந்தக் குட்டிக் கைகளைக் கோத்துக்கொண்டு இணைந்தன. 38.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய இதுவே முதுகெலும்புள்ள உயிர்களில் உடலுக்குள் கருவூட்டல் நடந்ததற்கு அன்றுவரை தெரியவந்த மிகப் பழைய சான்று. பரிணாமத்தை மறுக்க மில்லர் கையிலெடுத்த அதே கவச மீன் கூட்டத்தைச் சேர்ந்தது அது.